தேத்தாக்குடி கடமும் விலைபோகாத இசைத்தட்டும்

காரைக்காலில் இருந்து கடலோரமாகத் தெற்கே போனால் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, அப்புறம் வேதாரண்யம். வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர் தேத்தாக்குடி.

கடம் வாசிக்கும் விக்கு விநாயக்ராமின் பூர்வீகம் இந்த ஊர்தான். 'டி.எச்.விநாயக்ராம்' என்பதில் முதல் எழுத்து தேத்தாக்குடியைக் குறிக்கும்.

கடல் தாண்டிச் சீமைக்குப் போவது காரைக்கால் வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனால் மண்பானையோடு போய், மேல்நாட்டு மேடைகளில் கைதட்டல் வாங்கியவர் இவர்!

வீணை படித்த வெள்ளைக்காரர்

ஜான் மெக்லாக்லின் என்ற ஆங்கிலேயர் பெரிய கிதார் வித்துவான். 1971-ல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவைத் தொடங்கினார். மின்சாரக் கிதார் முழங்கும், காது கிழியும். தாளக் கணக்கோ தலையைச் சுற்றும். 1973-ல் அவர்களுடைய ஓர் இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 15-வது இடம் வரை ஏறியது.

அப்படிப்பட்டவர் அமெரிக்காவில் டாக்டர் எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்றார். மின்சாரத்தை விட்டார். சாதாரணக் கிதாரை எடுத்தார். வயலின் எல்.சங்கர், தபேலா சாகீர் உசேன், கடம் விநாயக்ராம், மிருதங்கம் ராகவன் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டார். குழுவின் பெயர் 'சக்தி'.

சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 1975-ல் அவருக்கு வயது 25. சாகீருக்கு 24!

முதல் இசைத்தட்டு 1976-ல் வந்தது. அதில் இருந்தவை மூன்றே உருப்படிகள். ஒன்று மட்டும் அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேட்டவர்கள் சொக்கினார்கள். ஆனால் கேட்டவர்கள் சிலரே. அதே ஆண்டு வந்த இரண்டாவது தட்டுக்கும் அதே கதி. ராகவன் அதற்கு முன்பே விலகிவிட்டார்.

காரம் குறைந்தது

1977-ல் ஜெனீவா நகரில் மூன்றாவது தட்டைப் பதிவு செய்தார்கள். இந்தத் தடவை எட்டுப் பாட்டுகள். சில, மூன்று நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும். முணுமுணுக்கத் தோன்றும் மெட்டுகள். ஒரு பாட்டின் பெயரே, 'வா கண்ணே, என்னோடு ஆடு' என்ற பொருள் தருவது!

இதாவது விற்றதா? இல்லை.

மேல்நாட்டில் அப்போது 'டிஸ்கோ' ஆட்டப் பாட்டு கொடிகட்டிப் பறந்தது. ஆட வந்தவர்களுக்குக் கடமும் தபேலாவும் பிடிபடவில்லை. மகாவிஷ்ணுவின் முழக்கத்தை விரும்பியவர்களோ மின்சாரக் கிதாரைத் தேடினார்கள். காரத்தைக் குறைத்தாலும் குழம்பு அதே குழம்புதானே! ராகமும் தாளக் கணக்கும் உள்ளே அப்படியே இருந்தன. அதுதான் அந்தத் தட்டின் அழகு. விலைபோகாததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

1978-ல் 'சக்தி' கலைந்தது. அந்த ஆண்டு மெக்லாக்லின் வெளியிட்ட தட்டின் பெயர் என்ன தெரியுமா? 'மின்சாரக் கிதார்க்காரர்'!

மறுபடியும்

நால்வரும் நான்கு வழி போனார்கள். விநாயக்ராம் சென்னையில் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுத்தார். 1992-ல், 'பிளானட் டிரம்' என்ற தாள இசைத்தட்டில் வாசித்ததற்காகக் கிராமி பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. சாகீர் உசேனும் அந்தத் தட்டில் உண்டு.

1997-ல் மெக்லாக்லின் பழைய நண்பர்களைத் தேடி வந்தார். 'சக்தி' மறுபடி மேடை ஏறியது. பிறகு விநாயக்ராம் இருந்த இடத்துக்கு அவருடைய மகன் செல்வகணேஷ் கஞ்சிராவுடன் வந்தார். பாடுவதற்குச் சங்கர் மகாதேவனும், வயலினுக்குக் கணேஷ் ராஜகோபாலனும் சேர்ந்தார்கள்.

2023-ல் இவர்கள் புதிய இசைத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்கள். 2024 பிப்ரவரியில் அதற்குக் கிராமி பரிசு! 1978-ல் கலைந்த குழுவுக்கு 46 ஆண்டு கழித்துக் கிடைத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் சாகீர் உசேன் மறைந்தார். 1977-ல் விற்காமல் போன தட்டோ, பிற்பாடு குறுந்தட்டாக மறுபடி அச்சாகி, இன்றைக்கும் கேட்கக் கிடைக்கிறது.