காலை உணவும் பசியும்

இரவு 8 மணிக்கு உண்டு, மறுநாள் காலை 8 மணிக்கு மீண்டும் உண்பவர்க்கு இடையில் 12 மணி நேரம் கழிந்துவிடுகின்றது. அந்நேரத்தில் நாம் உறங்கினாலும், நம் இதயமும் நுரையீரலும் மூளையும் உறங்குவதில்லை. உடல் தன்பால் சேமித்து வைத்த பொருளைச் செலவிட்டே அவற்றை இயக்குகின்றது. ஆதலின், காலையில் உண்ணும் உணவு அன்றைய உழைப்புக்கு முதலாக அமைகின்றது.

ஆயினும், காலையில் வயிறார உண்ட மாணவர் சிலர் 11 மணிக்குள் பசித்துச் சோர்வதைக் காண்கிறோம். வேறு சிலரோ அளவாக உண்டும், நண்பகல் வரை ஊக்கம் குன்றாதிருக்கின்றனர். இதற்குக் காரணம் யாது? உணவின் அளவு மட்டுமன்று. அதில் அடங்கிய பொருள்களின் தன்மையும் காரணமாகும்.

வெண்ரொட்டியும் சர்க்கரை மிகுந்த தேநீரும் விரைவில் செரித்து, குளுக்கோசாக மாறி, இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரையின் அளவு விரைந்து ஏறுகின்றது. உடனே கணையம் இன்சுலினைச் சுரந்து அதனைத் தணிக்கின்றது. விரைந்து ஏறியது விரைந்து இறங்கவே, பலருக்குப் பசி மீண்டும் தலைகாட்டுகின்றது.

புரதம் மிகுந்த உணவின் இயல்பு வேறு. இரைப்பை வெறுமையாயிருக்கும்பொழுது, கிரெலின் என்னும் ஹார்மோன் அங்குச் சுரந்து மூளைக்குப் பசியை உணர்த்துகின்றது. ஜப்பானிய அறிஞர்களாகிய கோஜிமாவும் கங்காவாவும் தம் குழுவினருடன் இதனைக் கண்டறிந்து, 1999 ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தனர். புரதம் குடலை அடைந்ததும், குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் வேறு சில ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அவை 'போதும்' என்னும் செய்தியை மூளைக்குத் தெரிவிக்கின்றன. இவ்வாறு பசியை அடக்கும் புரதமே, வளரும் பருவத்தில் தசைகளையும் வளர்க்கின்றது.

இனி, நார்ப்பொருளைக் காண்போம். இது நம் உடலால் செரிக்க இயலாத பொருள். செரியாத பொருளால் என்ன பயன் என்று சிலர் ஐயுறலாம். நாரில் ஒரு வகை நீரில் கரைந்து கூழ்போலாகி, உணவு இரைப்பையை விட்டு மெல்ல நகருமாறு செய்கின்றது. அதனால் சர்க்கரையும் சிறிது சிறிதாகவே இரத்தத்தில் சேர்கின்றது. இரத்தத்திலுள்ள கொழுப்பைக் குறைக்கவும் இவ்வகை நார் உதவுகின்றது. கரையாத மற்றொரு வகை நார் மலச்சிக்கலைத் தடுக்கின்றது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் நாரே உணவு. ஆனால், நார் மிகுந்த உணவை உண்போர் நீரும் போதிய அளவு பருகுதல் வேண்டும்.

இச்சத்துக்களைப் பெற விலையுயர்ந்த பொருள்களைத் தேட வேண்டுவதில்லை. 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 8 கிராம் புரதமே உண்டு. அதே அளவு உளுத்தம்பருப்பில் ஏறத்தாழ 23 கிராம் உண்டு. தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 3 கிராமாக உள்ள நார், கேழ்வரகில் 11 கிராமாக உள்ளது. மேலும், அரிசிப் புரதத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் அரிசியில் மிகுதி. ஆகவே, அரிசியும் பருப்பும் சேர்ந்த இட்டலியும் பொங்கலும் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவுசெய்யும் உணவுகளாம். எனினும், இட்டலியில் அரிசியே மிகுதி. அதனைச் சர்க்கரை தொட்டு உண்பதினும், பருப்பும் காயும் நிறைந்த சாம்பாருடன் உண்பதே சிறந்தது. மோர் கலந்த கேழ்வரகுக் கூழ், முளைகட்டிய பச்சைப்பயறு, சுண்டல், முட்டை ஆகியவையும் காலைக்கு ஏற்றவை.

பசித்த வயிற்றுடன் பள்ளிக்கு வரும் சிறுவர்க்குப் பாடம் மனத்தில் பதிவது அரிது. இதனைக் கருதியே, தமிழ்நாட்டு அரசு தொடக்கப் பள்ளி மாணவர்க்குக் காலை உணவு வழங்கும் திட்டத்தை 2022 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் மதுரையில் தொடங்கியது. அதில் உப்புமா, கிச்சடி, பொங்கல் முதலியவற்றோடு காய்கறிச் சாம்பாரும் இடம்பெற்றமை கருதத்தக்கது.

காலை உணவு ஒன்றே நோய்களையெல்லாம் தடுத்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. நாள் முழுதும் உண்ணும் உணவும், உழைப்பும், உறக்கமும் சேர்ந்தே உடல்நலத்தைக் காக்கின்றன. எனினும், நாளின் முதல் உணவை அறிந்து உண்பவர் அந்நாளை நன்கு தொடங்குகின்றார். நாளைக் காலை உண்ண அமரும்பொழுது, 'இதில் பருப்போ பயறோ உண்டா? காயோ கனியோ உண்டா?' என்று நோக்குங்கள். இல்லையெனின், அவற்றுள் ஒன்றையேனும் சேர்த்து உண்ணுங்கள்.