கம்பளியை மிதித்தவர்களின் வம்சம்

இங்கிலாந்தில் வாக்கர் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்கள் ஊர்தோறும் உண்டு. ஆங்கிலம் அறிந்த எவரும் அதற்கு ‘நடப்பவன்’ என்றே பொருள் கொள்வர்; ஆயினும் அந்த வம்சத்தின் மூதாதை, நெசவாளி தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த கம்பளித் துணியை நீர்த்தொட்டியில் இட்டு, ஓயாமல் காலால் மிதித்துக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்தத் தக்கதன்று. ஆட்டு ரோமத்தின் இயற்கைப் பிசுக்கும், நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் ஒட்டியிருக்க, இழைகளிடையே வெளிச்சம் தெரியும்படி அது நெகிழ்ந்து கிடக்கும். அதனை, எண்ணெயை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணும் நாட்பட்ட சிறுநீரும் கலந்த நீரில் ஊறவைத்து மிதிக்க மிதிக்க, அழுக்கு நீங்குவதோடு, ரோம இழைகள் ஒன்றையொன்று கவ்விப் பின்னிச் சுருங்கி, குளிர்காற்று எளிதில் புகாத கெட்டியான துணியாக அது மாறும். பிறகு நீண்ட மரச்சட்டங்களில் கொக்கியிட்டு இழுத்து மாட்டி, உரிய அகலத்துக்குக் கொணர்ந்து உலர்த்துவார்கள். நம் கடைகளில் முகத்துக்குப் பூச விற்கும் முல்தானி மட்டி அந்தக் களிமண்ணின் இனத்தைச் சேர்ந்ததே. துர்நாற்றத்தின் நடுவே முழங்கால் வரை நனைந்து நின்ற இந்த மனிதர்களின் சிரமமின்றி, சீமைக் கம்பளியின் கீர்த்தி உண்டாகியிராது என்பது என் திடமான அபிப்பிராயம்.

இத்தொழிலாளிக்குப் பிரதேசத்துக்கு ஒரு பெயர் வழங்கிற்று. தெற்கிலும் கிழக்கிலும், லத்தீன் வழிவந்த ஃபுல்லர். டெவன், சாமர்செட் முதலிய தென்மேற்குப் பகுதிகளில், துன்புறுத்துதலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து பிறந்த டக்கர். யார்க்‌ஷயர், லங்காஷயர் போன்ற வட பகுதிகளிலோ, உருட்டிப் புரட்டுதலைக் குறித்த வினையிலிருந்து பிறந்த வாக்கர். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இத்தகைய தொழிற்பெயர்கள் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கும் பரம்பரைப் பெயர்களாகப் படிப்படியாக உறைந்தன. 1379ஆம் ஆண்டின் தலைவரிப் பட்டியல்கள் பலவற்றில், பெயரோடு தொழிலும் எழுதப்பட்டிருப்பதால், அந்த மாறுதலின் நடுக்கட்டத்தையே நாம் காண முடிகிறது.

இதில் விசேஷம் என்னவென்றால், பெயர் உறைவதற்கு முன்பே கால்களுக்கு ஓய்வு கிட்டத் தொடங்கியிருந்தது. நீர்ச்சக்கரத்தின் வலிமையால் மரச்சம்மட்டிகள் ஏறி இறங்கித் துணியை மாறிமாறி அடிக்கும் ஆலைகள் 12ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. டெம்பிளர் என்ற வீரத்துறவியர் 1185இல் எடுத்த சொத்துக் கணக்கில் அவை இடம்பெறுகின்றன. கம்பளித் தொழிலில் வேறெந்தக் கட்டத்துக்கும் முன்பாக யந்திரத்திடம் சென்றது, மிகக் கடினமான இந்த மிதிப்பு வேலைதான். சரித்திர ஆசிரியை எலியனோரா காரஸ்-வில்சன் 1941இல் எழுதிய கட்டுரையில் இதனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே வர்ணித்தார். அப்பெயர் மிகை என்று பின்வந்தோர் வாதித்தபோதிலும், வேகமாக ஓடும் ஆறுகளை நாடி இத்தொழில் கிராமங்களுக்குப் பரவிய கதையை அவரளவு தெளிவாக எடுத்துக்காட்டியவர் அவருக்கு முன் இல்லை. ஆலைச் சொந்தக்காரனும், அதை மேற்பார்த்த ஊழியனும்கூட, துணியில் கால் பதிக்காமலே வாக்கர் ஆனார்கள்.

டெவனின் தலைநகரான எக்ஸெட்டரில், நெசவாளர், டக்கர், துணிமயிர் கத்தரிப்பவர் ஆகியோரின் சங்கத்துக்காக 1471இல் எழுந்த மண்டபம், டக்கர்ஸ் ஹால் என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. அச்சங்கமும் கலையாமல் அங்கே கூடிவருகிறது.