நகருக்குள் ஒரு காடு

மும்பை மாநகரின் வடபகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்புகள் சூழ்ந்திருக்க, ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு காடு உள்ளது. அதுவே சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா. சிறுத்தை, புள்ளிமான், கடமான் முதலிய விலங்குகளும் பலவகைப் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் இங்கு வாழ்கின்றன. இங்குப் பெய்யும் மழைநீர் துளசி, விஹார் ஆகிய ஏரிகளை நிரப்புகிறது. அவ்வேரிகள் நகர மக்களுக்குக் குடிநீர் தருகின்றன.

நகரம் வளர வளர, காட்டின் எல்லைவரை வீடுகள் பெருகின. அங்குக் கொட்டப்படும் குப்பையைத் தேடித் தெருநாய்கள் கூடுகின்றன. அந்நாய்களை இரையாகக் கொள்ளச் சிறுத்தைகள் வருகின்றன. இதனால் மனிதர்களும் தாக்கப்படும் நிலை ஏற்படுகிறது.

முன்னர், சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து வேறிடத்தில் விடுவது வழக்கமாக இருந்தது. அதனால் சிக்கல் தீரவில்லை. ஒரு சிறுத்தை நீங்கிய இடத்திற்கு மற்றொன்று வந்து சேர்ந்தது. இடம் மாற்றப்பட்ட சிறுத்தையோ, பழக்கமில்லாத நிலப்பகுதியில் அலைந்து ஊருக்குள் புகுந்தது.

ஆகவே, வருமுன் காப்பதே சிறந்த வழி என வனத்துறையினரும் ஆய்வாளர்களும் உணர்ந்தனர். குப்பையை உடனுக்குடன் அகற்றுதல், இரவில் தெருவிளக்குகளை எரியச் செய்தல், இருட்டிய பின் சிறுவர்களைத் தனியே வெளியே அனுப்பாதிருத்தல் ஆகியவற்றை மக்களுக்கு எடுத்துரைத்தனர்.

மாணவர்களே! மதில் எழுப்புவதால் மட்டும் காடு காக்கப்படுவதில்லை. நம் தெருவைத் தூய்மையாக வைத்திருப்பதும் காட்டைக் காக்கும் பணியே ஆகும்.