புதுக் காரின் ரயர் யாருக்கு ஏற்றது?

புதுக் கார் வாங்கினால் நேரே கோயிலுக்குக் கொண்டுபோய், நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறோம். ஆனால் அந்த ரயர் எப்படிப்பட்டது என்று குனிந்து பார்ப்பவர்கள் எம்மிடையே குறைவு. "புதுக் கார்தானே, நல்லதாகத்தான் போட்டிருப்பான்" என்பது எங்கள் நம்பிக்கை. ஒரு ரயர் வீதியைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் அந்த நாலு உள்ளங்கைகளை நம்பித்தான்.

தொழிற்சாலையில் பூட்டி வரும் ரயர் மட்டமானது என்று சொல்ல வரவில்லை. அது கார் நிறுவனத்தின் தேவைக்காகச் செய்யப்பட்டது. எரிபொருள் பாவனைக்கு அரசாங்கங்கள் எல்லை விதித்திருக்கின்றன. ஆகவே இலேசாக உருளும், சத்தம் குறைந்த ரயரையே நிறுவனம் கேட்கும். அதற்காகச் சிலவேளை ரயரிலுள்ள தவாளிப்புகளின் ஆழமும் குறைக்கப்படும். கடையில் வாங்கும் ரயருக்கு இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடும் என்று உத்தரவாதம் தருவார்கள். காருடன் வந்த ரயருக்குப் பெரும்பாலும் அது கிடையாது. விரைவில் தேய்ந்துவிட்டதே என்று எம்மவர் பலர் குறைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுக் காரின் ரயரைக் கண்மூடி நம்பக்கூடாது என்பதை உலகம் 2000ஆம் ஆண்டில் கண்டது. போர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்கள் பலவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே பூட்டப்பட்ட பயர்ஸ்ரோன் ரயர்களின் மேற்பட்டை ஓட்டத்திலேயே கழன்றது. வாகனங்கள் குடைசாய்ந்தன. அமெரிக்காவில் 250 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் சுமார் 65 இலட்சம் ரயர்கள் திருப்பி அழைக்கப்பட்டன. ரயர்தான் பிழை என்றது போர்ட். போர்ட் சிபாரிசு செய்த 26 பிஎஸ்ஐ காற்று போதாது என்றது ரயர் நிறுவனம். இருவரும் சண்டை பிடிக்க, இழப்பு ஓட்டியவர்களின் குடும்பங்களுக்கு. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தின் பலன்தான் இன்று காற்றுக் குறைந்தால் காரில் எரியும் எச்சரிக்கை விளக்கு.

கனடாவில் வாழும் எமக்கு இன்னொன்றும் உண்டு. இங்கே விற்கப்படும் பெரும்பாலான புதுக் கார்கள் 'எல்லாப் பருவ' ரயருடன் வருகின்றன. பெயரை நம்பி ஏமாறக்கூடாது. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் அந்த இறப்பர் இறுகத் தொடங்கும், பிடிப்புக் குறையும். பனி வழிக்கமுதல் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 முதல் அதற்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு கொடுக்கவேண்டும். கேட்டுப் பெறுங்கள்.

கார் எடுக்கும் அன்றே செய்யக்கூடியவை:

• சாரதிப் பக்கக் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் காற்று அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயரில் பொறித்திருப்பது உச்ச அளவு மட்டுமே. மாதம் ஒருமுறை, கார் ஓடமுதல் பாருங்கள். விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டாம்.

• ரயரின் பக்கத்தில் 'டி.ஓ.ரி.' எழுத்துக்களோடு வரும் இலக்கத்தின் கடைசி நான்கும் பிறந்த தேதி. 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம்.

• ரயர் உத்தரவாதம் பெரும்பாலும் ரயர் நிறுவனத்தினுடையது; தனிப் புத்தகமாக இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

• மேலதிக ரயர் இருக்கிறதா என்று பாருங்கள். பல புதுக் கார்களில் அதற்குப் பதில் காற்றடிக்கும் கருவியும் ஒட்டும் திரவமும்தான் இருக்கும்.

விலை பேசும்போது தரைவிரிப்பை இலவசமாகத் தா என்று கேட்கிறோம். அடுத்தமுறை, கையெழுத்து வைக்கமுதல் நாலு குளிர்கால ரயரைக் கேட்டுப் பாருங்கள். இலவசமாகத் தராவிட்டாலும் விலையிலாவது குறைப்பார்கள்.