தந்தைவழி காட்டும் மௌனசாட்சி

தன் முன்னோர் யாவர் என்று அறிய விழைவது மனித இயல்பு. காணி உறுதிகளும் பிறப்புப் பதிவுகளும் பாட்டிமார் கூறும் பழங்கதைகளும் அவ்வறிவுக்கு நெடுங்காலம் துணைநின்று வந்துள்ளன. ஆயின், உறுதி செல்லரித்துப் போகலாம், பதிவு பிழைபடலாம், கதை வாய்க்கு வாய் திரியலாம். தந்தையிடமிருந்து மகனுக்கு எழுத்தின்றியே கைமாறும் சாசனம் ஒன்று ஆண்மகன் ஒவ்வொருவனது உடலிலும் உண்டு. அதனை வாசிக்கும் முறையை இன்றைய விஞ்ஞானம் கண்டுள்ளது. அம்முறையால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதை உண்மை வரலாறு ஒன்றின் வாயிலாக நோக்குவோம்.

சாசனம் எழுதப்பட்ட இடம்

மனித உடற் கலங்களில் 23 சோடி நிறமூர்த்தங்கள் உள. அவற்றுள் ஒரு சோடியே ஆண், பெண் என்ற வேறுபாட்டுக்குக் காரணமாவது. பெண்ணுக்கு அச்சோடியில் இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஒன்று எக்ஸ், மற்றையது வை. ஏனைய நிறமூர்த்தங்கள் தலைமுறைதோறும் கலந்து புதுவடிவம் பெற, வை நிறமூர்த்தம் மாத்திரம் பெரும்பாலும் கலப்பின்றித் தந்தையிடமிருந்து மகனைச் சேர்கின்றது. அதன் சில இடங்களில் டி.என்.ஏ.யின் சிறு தொடர்கள் மீண்டும் மீண்டும் வரும். எவ்விடத்தில் எத்தனை முறை வருகின்றன என எண்ணி, இருவருடைய எண்களை ஒப்புநோக்கினால், அண்மைத் தலைமுறைகளில் அவர்களுக்குப் பொதுவான தந்தைவழி முன்னோன் ஒருவன் இருந்தானா என்பது புலனாகும். இன்று இதற்குச் சிறிதளவு உமிழ்நீரே போதும்.

ஒரு சனாதிபதியின் இல்லம்

ஐக்கிய அமெரிக்காவின் மூன்றாவது சனாதிபதி தோமஸ் ஜெபர்சன். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற கொள்கையைச் சுதந்திரப் பிரகடனத்தில் வரைந்தவர் அவரே. எனினும் வேர்ஜீனியாவில் மொண்டிசெல்லோ என்னும் அவரது தோட்டத்தில் அடிமைகள் பலர் உழைத்தனர். அவர்களுள் ஒருத்தி சலி ஹெமிங்ஸ். மனைவியை 1782 ஆம் ஆண்டில் இழந்த ஜெபர்சனே சலியின் பிள்ளைகளுக்குத் தந்தை என்று 1802 இல் ஒரு பத்திரிகை எழுதிற்று. சலியின் மகன் மடிசன், தம் தந்தை ஜெபர்சனே என 1873 இல் வெளிப்படையாகக் கூறினார். ஜெபர்சனின் பேரர்களோ அதனை மறுத்து, அவருடைய சகோதரியின் புதல்வர்களான கார் சகோதரர் மீது பழியைச் சுமத்தினர். வரலாற்றாசிரியர் பலரும் பேரர்களின் சொல்லையே ஏற்றனர். அடிமைத் தாயின் மகன் சொல் அம்பலம் ஏறவில்லை.

1998 ஆம் ஆண்டில் வைத்தியர் யூஜின் பொஸ்டரும் அவர்தம் துணைவரும் இவ்வழக்கைச் சோதனைக்கு எடுத்தனர். ஜெபர்சனின் மணவழிப் பிள்ளைகளுள் ஆண் எவரும் வளர்ந்து ஆளாகவில்லை. ஆதலால் அவருடைய தந்தையின் உடன்பிறந்தாரான பீல்ட் ஜெபர்சனின் ஆண்வழி வந்த ஐவரது குருதி பெறப்பட்டது. சலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வந்த ஒருவரது குருதி அதனோடு ஒப்பிடப்பட்டது. இரண்டும் ஒத்தன! கார் குடும்பத்தின் மாதிரிகளோ எஸ்டன் வழியினரோடு ஒத்துவரவில்லை. இரு நூற்றாண்டு நிலவிய மறுப்பு அன்று வலுவிழந்தது.

அதே சோதனை மற்றொரு குடும்பத்துக்கு மனத்தாங்கலையே தந்தது. தோமஸ் வூட்சன் என்பவரின் மரபினரும் தாம் ஜெபர்சன் வழியினர் எனத் தலைமுறை தலைமுறையாகக் கூறிவந்தனர். அவர்களது வை நிறமூர்த்தம் ஜெபர்சன் குடும்பத்தோடு பொருந்தவில்லை.

சாட்சி சொல்லாதவை

இங்கு மாணவர் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இச்சோதனை "ஜெபர்சன் குடும்பத்து ஆண்" என்று கூறிற்றேயன்றி, "தோமஸ் ஜெபர்சன்" என்று பெயர் சுட்டவில்லை. அவருடைய தம்பி றண்டொல்ப்பும் அதே வை நிறமூர்த்தத்தை உடையவர் அல்லவா? அந்த இடைவெளியை நிரப்பியவை பழைய ஏடுகளே. சலி கருவுற்ற காலங்களில் ஜெபர்சன் மொண்டிசெல்லோவிலேயே இருந்தார் என அவை காட்டின. சலியின் பிள்ளைகளுள் ஆளாகிய நால்வரும் விடுதலை பெற்றனர். இவற்றையெல்லாம் சீர்தூக்கி, மொண்டிசெல்லோவைப் பராமரிக்கும் நிறுவனம், ஜெபர்சனே தந்தையாதல் பெரிதும் கூடும் என 2000 ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. அதை ஏற்காத அறிஞரும் உளர்.

மடிசனின் மகன் ஒருவரது கல்லறையைத் திறந்து சோதிக்க வேண்டுமெனச் சிலர் கேட்டபோது, அவர் மரபினர் இசையவில்லை. தம் குடும்பத்தின் சொல்லுக்கு எலும்பின் சாட்சி வேண்டியதில்லை என அவர்கள் கருதினர் போலும்.

நம்மவர் கருதத்தக்கன

மேனாட்டில் குடும்பப்பெயர் தந்தைவழியே இறங்குவதால், பெயரும் வை நிறமூர்த்தமும் ஒரே பாதையிற் செல்லும். தந்தையின் பெயரையே முன்னெழுத்தாகக் கொள்ளும் நம்மவரிடையே பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகின்றது. ஆகவே எண்கள் ஒத்தாலும், இடைப்பட்ட முன்னோரை உறுதிகளிலும் முதியோர் நினைவிலுமே தேடவேண்டும். பெண்கள் தம் தந்தைவழியை அறியத் தந்தை, சகோதரர், தந்தையின் சகோதரர் ஆகியோருள் ஒருவரது மாதிரியைப் பெறுதல் வேண்டும். மாதிரி கொடுப்பவர், எதிர்பாராத உண்மையொன்று வெளிப்படக்கூடும் என்பதை முன்னரே உணர்ந்து இசைதலும் இன்றியமையாதது.

மேலும், எட்டுத் தலைமுறைக்கு முன் நமக்குப் பாட்டன் பாட்டியர் நிலையில் 256 இடங்கள் உள. வை நிறமூர்த்தம் காட்டுவது அவற்றுள் ஓரிடத்தை மட்டுமே. சலி ஹெமிங்சின் பெயரை எந்த வை நிறமூர்த்தமும் சொல்லாது. அதனைக் காத்துத் தந்தவர் அவள் பிள்ளைகளே. ஆதலின், சோதனைச் சாலையை நாடுமுன் வீட்டு முதியோரின் அருகில் அமர்ந்து, அவர் சொல்வனவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்போமாக. விஞ்ஞானம் நாளையும் இருக்கும். அவர் நினைவு நாளை இராது.