ஏரியைத் தூர்வாருமுன் அதன் வரலாற்றைக் கேளுங்கள்

ஒவ்வொரு வளர்ச்சித் திட்டமும் கடந்த காலத்தைப் பற்றிய ஏதோ ஒரு நம்பிக்கையின் மேல்தான் எழுகிறது. அந்த நம்பிக்கை சரிதானா என்று வரலாற்றாய்வாளரிடம் கேட்பதுதான் அரிது. கர்நாடகத்தில் உலக வங்கியின் கடனுதவியோடு 2002-இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம், ஊர்தோறும் பயனாளர் சங்கம் அமைத்துப் பராமரிப்பை அதனிடம் ஒப்படைக்க முனைந்தது. முன்பெல்லாம் ஊரே கூடி ஏரியைக் காத்தது, அரசு தலையிட்ட பிறகே கெட்டது என்ற எண்ணம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. சிவகங்கை, ராமநாதபுரம் பகுதி ஏரிகளின் வரலாற்றை ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் மாஸ், 2003-இல் வெளியான தம் நூலில் அந்த எண்ணத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். அரசர், ஜமீன்தார், கோயில் ஆகியோரின் கொடையும் அதிகாரமும் ஏரிகளைத் தாங்கின; வேலையும் உரிமையும் சாதிப்படி பிரிந்திருந்தன. இதை அறியாமல் சங்கம் அமைத்தால், பழைய ஏற்றத்தாழ்வே புதிய பதிவேட்டில் ஏறிவிடும்.

வரலாற்றைக் கேட்க வேண்டிய தேவையைப் பெங்களூரும் காட்டுகிறது. வற்றாத ஆறில்லாத இந்த மேட்டுநிலத்தில் ஏரிகள் சங்கிலித்தொடராக அமைந்தன. ஒன்று நிரம்பி வழிந்தால் அடுத்ததற்கு நீர் போகும். மதகைத் திறந்து நீரைப் பகிர்ந்தளிக்க நீர்கண்டி என்றொருவர் இருந்தார். 1890-களில் நகருக்கு வெளியே தொலைவிலுள்ள ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்ததும், நகரத்தாருக்கு அருகிலிருந்த ஏரிகளின் தேவை குறைந்தது. பழைய வரைபடங்களையும் ஆவணங்களையும் கொண்டு சூழலியலாளர் ஹரிணி நாகேந்திராவும் அவருடன் ஆய்ந்தோரும் சம்பங்கி ஏரியின் கதையை மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்நீரை நம்பியிருந்த தோட்டக்காரர்களின் குரல் வலுவிழக்க, ஏரி மெல்ல விளையாட்டுத் திடலானது. இன்று அங்கே கண்டீரவா அரங்கம் நிற்கிறது. வெறும் அலட்சியத்தால் அழிந்த ஏரியல்ல அது. தொலைவிலிருந்து வந்த நீர், பக்கத்து நீரைக் காக்கும் பொறுப்பை நகரத்தின் தோளிலிருந்து இறக்கிவிட்டது.

ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் நகரம் ஏரிநீரை மட்டும் நம்பி வாழ முடியுமா என்று கேட்கலாம். முடியாது. ஜப்பானியக் கடனுதவியில் அமைந்து 2024 அக்டோபரில் தொடங்கிய காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரக்கூடியது, அது தேவையானதே. வரலாறு குழாயை எதிர்க்கவில்லை. குழாய் வந்தபோது எந்தப் பொறுப்பு கைவிடப்பட்டது என்பதைச் சொல்லி, மறுமுறை அதைக் கைவிடாதிருக்க வழிகாட்டுகிறது. வரலாற்றாய்வாளர்களே தமக்குள் முரண்படுகிறார்களே என்பதும் தடையல்ல. பொறியாளர்களும் பொருளியலாளர்களும்கூட முரண்படுகிறார்கள், அதற்காக அவர்களை யாரும் ஒதுக்குவதில்லை.

ஆகவே கடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், மண் பரிசோதனையைப் போலவே வரலாற்று ஆய்வையும் கட்டாயமாக்க வேண்டும். இந்த ஏரியை யார் காத்தார்கள், செலவை யார் ஏற்றார்கள், யாருடைய உரிமை பறிபோனது என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே தூர்வாரும் இயந்திரம் இறங்கட்டும்.