கார் பெயிண்டைத் தின்னும் உமித்தூசி! மெழுகு பூசுங்க, வண்டியைக் காப்பாத்துங்க!

தஞ்சை:

கடன் போட்டுக் கார் வாங்குகிறார் ஒருவர். வாடகைக்கு ஓட்டித்தான் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும்.

நாலு வருடம் போகிறது. என்ஜின் கல்லு மாதிரி இருக்கிறது. ஆனால் பானெட் முழுக்க நூலாம்படை போலக் கீறல். கூரையில் காக்கை எச்சம் அரித்த வட்டங்கள். கதவில் மஞ்சள் கறை.

விற்கப் போனால் தரகர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார். "என்னண்ணே, வண்டி கிழடு தட்டிப் போச்சே!" என்கிறார். விலையில் கை வைக்கிறார்.

முகம் போச்சு. விலையும் போச்சு!

டெல்டா வட்டாரத்தில் இந்தக் கதை சகஜம். ஒரு டப்பா மெழுகும், ரெண்டு மணி நேர உழைப்பும் இருந்தால் இதில் பெரும்பங்கைத் தடுக்கலாம். ஆனால் எந்த மெழுகு? எப்படிப் பூசுவது? அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

உமிக்கரி ஊர்க்காரருக்குத் தெரியாதா?

தஞ்சையிலிருந்து மன்னார்குடி, திருவாரூர், நாகை என்று எந்தப் பக்கம் போனாலும் அறுவடைக் காலத்தில் ரோட்டிலேயே நெல் காய்கிறது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர் முன்னால் போகிறது. பின்னால் வரும் வண்டி முழுக்கத் தூசி.

"தூசிதானே! துண்டை எடுத்து ஒரு தட்டுத் தட்டித் தொடைச்சா போச்சு" என்பார்கள்.

அங்கேதான் ஆபத்து!

உமியில் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருக்கும் அதே சரக்கு. உமியை எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பங்கு அதுதான். நம் பாட்டிமார்கள் உமிக்கரியால் பல் தேய்த்தார்கள். சாம்பலால் வெண்கலப் பானை துலக்கினார்கள். தேய்த்தால் அழுக்கைச் சுரண்டி எடுக்கும் என்று தெரிந்துதான் தேய்த்தார்கள்.

அதே உமித்தூசியை உலர்ந்த துணியால் கார் மேல் தேய்த்தால்? பானையைத் துலக்கியது போலப் பெயிண்டைத் துலக்குகிறீர்கள்!

இன்றைய கார்களில் நிறப் பெயிண்டுக்கு மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அதன் கனம் ஒரு தலைமுடியின் கனம்கூடக் கிடையாது. அது தேய்ந்துபோனால் மறுபடி முளைக்காது. முழுசாகப் பெயிண்டு அடிக்க வேண்டியதுதான்.

அந்தப் பூச்சுக்கு மேல் இன்னொரு மெல்லிய தோல் போட வேண்டும். தேய்வது அந்தத் தோலாக இருக்க வேண்டும். அதுதான் மெழுகு. மெழுகு போனால் மறுபடி பூசலாம். பெயிண்டு போனால்?

நெல் இலை சொல்லும் பாடம்

மெழுகு செய்யும் வேலையை டெல்டாக்காரருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மார்கழிக் காலையில் வயல் வரப்பில் நின்று பார்த்தால் தெரியும். நெல் இலையில் பனித்துளி முத்து முத்தாக உருளுகிறது. ஒட்டுவதில்லை. குளத்துத் தாமரை இலையிலும் அதே கதை.

காரணம், இலை மேல் இயற்கை பூசி வைத்த மெழுகு. தாமரை இலை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் விதத்தை 1997-ல் ஜெர்மானியத் தாவர விஞ்ஞானிகள் பார்த்லோட், நைன்ஹூயிஸ் இருவரும் விளக்கி எழுதினார்கள். இலையில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம். அதன் மேல் மெழுகு. உருளும் தண்ணீர் தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது.

கார் மெழுகு அவ்வளவு பெரிய வித்தைக்காரன் அல்ல. ஆனாலும் தண்ணீரை நிற்க விடாது. தூசியை இறுகப் பிடிக்க விடாது. கழுவும்போது அழுக்கு சுலபமாகக் கழன்று வரும். துணி போட்டு அழுத்தித் தேய்க்கும் வேலை குறைகிறது. கீறலும் குறைகிறது.

இன்னொன்றும் விவசாயிக்குத் தெரியும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கும்போது காதி சோப்பைக் கரைத்து ஊற்றுகிறோம். ஏன்? சோப்பு இல்லாவிட்டால் மருந்து இலையில் ஒட்டாமல் உருண்டுவிடும். மெழுகை ஏமாற்றச் சோப்பு வேண்டியிருக்கிறது.

காருக்கும் அதேதான். துணி சோப்புத்தூளைக் கரைத்துக் கார் கழுவினால் நேற்றுப் பூசிய மெழுகும் கரையத் தொடங்கும். காருக்கென்று விற்கும் ஷாம்பூதான் சரி.

சுவாமிமலையில் ஓட வேண்டும், காரில் நிற்க வேண்டும்!

"மெழுகுதானே, தேன்மெழுகைப் பூசினால் என்ன?" என்று கேட்கலாம்.

சுவாமிமலை ஸ்தபதிகளை நினைத்துப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து சாமி உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்குகிறார்கள். மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அந்த இடத்தில் பஞ்சலோகத்தைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். அங்கே மெழுகு ஓட வேண்டும், ஓடினால்தான் சிலை.

காரில் மெழுகு ஓடக்கூடாது. நிற்க வேண்டும்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியசில் உருகும். அக்கினி நட்சத்திர வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட் 60 டிகிரியையும் தாண்டக்கூடும். அப்புறம் அதில் என்ன நிற்கும்?

இதற்குத்தான் 'கார்னோபா' மெழுகு. வடகிழக்குப் பிரேசிலின் வறண்ட சீமையில் வளரும் ஒருவகைப் பனை மர ஓலையிலிருந்து எடுப்பது. வெயிலில் ஓலை காய்ந்துவிடாமல் இருக்க மரம் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். 82 முதல் 86 டிகிரி வரை உருகாது. நம் ஊர் வெயிலுக்கு ஈடு கொடுக்கும்.

டப்பாவைப் பார்த்து ஏமாற வேண்டாம்

சுத்தக் கார்னோபா கல்லு மாதிரி இருக்கும். அப்படியே தேய்க்க முடியாது. எண்ணெய், கரைப்பான், வேறு மெழுகுகள் எல்லாம் கலந்துதான் பசையாக விற்கிறார்கள். '100 சதவீதம் கார்னோபா' என்று போட்டிருந்தால் டப்பா முழுக்க அதுதான் என்று நினைத்துவிட வேண்டாம்.

கடையில் மூன்று விதம் கிடைக்கும்.

பசை மெழுகு: பூசக் கொஞ்சம் சிரமம். மினுமினுப்பு நன்றாக இருக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும்.

செயற்கை மெழுகு: 'சீலன்ட்' என்று எழுதியிருக்கும். ரசாயன முறையில் செய்தது. பசை மெழுகை விடக் கூடுதல் நாள் தாங்கும். தினம் ரோட்டில் ஓடும் வாடகை வண்டிக்கு இதுவே லாயக்கு.

ஸ்பிரே மெழுகு: அடித்துத் துடைத்தால் முடிந்தது. சில வாரம்தான் நிற்கும். பூசிய மெழுகுக்கு மேல் இடையிடையே அடிக்கலாம்.

முக்கியமான ஒன்று. பாலிஷ் வேறு, மெழுகு வேறு! பாலிஷிலும் 'ரப்பிங் காம்பவுண்டி'லும் நைசான அரத்தூள் போன்ற பொடி இருக்கிறது. கீறலை மறைக்கிறது என்றால், சுற்றியுள்ள பெயிண்டைச் சுரண்டிச் சமமாக்குகிறது என்று அர்த்தம். எப்போதோ ஒரு முறை, தேவைக்குச் செய்யலாம். பளபளக்க வேண்டும் என்று ஒவ்வொரு சர்வீசுக்கும் போட்டால் நாலு வருடத்தில் பெயிண்டு காலி.

அதனால் வேலைக்கு விடும்போது கேளுங்கள்: "தம்பி, போடறது பாலிஷா, மெழுகா?"

டீசல் போட்டுத் துடைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு நாள் பளபளக்கும். மறுநாள் அந்த எண்ணெய்ப் பசையில் ஊர்த் தூசி முழுக்க வந்து உட்காரும். கதவு ரப்பரும் கெட்டுப்போகும்.

பூசுவது எப்படி?

காலை வெயில் ஏறுவதற்கு முன் ஆரம்பியுங்கள். வண்டி நிழலில் நிற்க வேண்டும். பானெட்டைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை ஓட்டுங்கள். அப்புறம் ரெண்டு வாளி வையுங்கள். ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் துணி அலசத் தண்ணீர். மேலிருந்து கீழே கழுவுங்கள். ஆற்றுத் தண்ணீர் என்றால் வண்டல் தெளிந்த பிறகு மொள்ளுங்கள். படித்துறைத் தண்ணீரில் வரும் மணலே நூறு கீறல் போடும்.

ஈரம் போகத் துடைத்துக் காயவிடுங்கள். போர் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்பு வட்டம் விழும்.

இனி மெழுகு. பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு, ஒரு கதவு, ஒரு பானெட் என்று பகுதி பகுதியாக மெல்லிசாகப் பூசுங்கள். அப்பிப் பூசினால் அதிகம் காக்கும் என்பது தப்பு. மிச்சம் முழுக்கத் துணிக்குத்தான் போகும்.

சிறிது நேரத்தில் மங்கலாகப் பூக்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம். இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும். மழைக்காலத்தில் நேரம் கூடும்.

துடைக்க மைக்ரோ ஃபைபர் துணி நல்லது. துணி தரையில் விழுந்துவிட்டதா? எடுத்து உதறிவிட்டுத் தொடராதீர்கள். வேறு துணி எடுங்கள்.

இங்கே பூசாதீர்கள்!

பிரேக் டிஸ்க்கிலும் டயர் தரையைத் தொடும் பாகத்திலும் மெழுகு படவே கூடாது. பிரேக் பிடிக்காது, வண்டி வழுக்கும். மோட்டார் சைக்கிள் சீட்டிலும் கால் வைக்கும் இடத்திலும் கூடாது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்!

கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைத் திட்டு நிற்கும். பளபளப்பே இல்லாத 'மேட்' பெயிண்டுக்கும் சாதா மெழுகு ஆகாது.

பட்டறையில் புதிதாகப் பெயிண்டு அடித்த வண்டியா? பெயிண்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். ஒரு மாதமாவது, அடித்தவர் சொன்னால் அதற்கு மேலும் பொறுத்திருங்கள்.

மூன்று மாதம், மூன்று முறை

டெல்டாக்காரர் வருடத்தில் மூன்று முறையாவது பூச வேண்டும்.

பங்குனியில் ஒன்று. சம்பா அறுவடைத் தூசி அடங்கிய பிறகு, சித்திரை வெயில் வருமுன்.

ஆடியில் ஒன்று. காற்றில் பறக்கும் புழுதிக்கு.

ஆயுத பூசைக்கு முதல் வாரம் ஒன்று. இதை மட்டும் மறக்கக்கூடாது. பூசையன்று பானெட்டில் மஞ்சளும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். அப்படியே நாள் கணக்கில் விட்டால் மஞ்சள் கறை ஏறிவிடும். மெழுகு இருந்தால் கறை உள்ளே இறங்கத் தாமதமாகும். மறுநாளே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவுங்கள். நகத்தால் சுரண்ட வேண்டாம். மாலை கட்டிய கம்பியும் பெயிண்டில் உரசக்கூடாது. அதைத் தொடர்ந்து ஐப்பசி மழை வேறு கொட்டப்போகிறது!

மெழுகு தீர்ந்ததா என்று எப்படித் தெரியும்? கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முத்தாக உருண்டால் இருக்கிறது. தட்டையாகப் பரவினால் போய்விட்டது.

மெழுகு மந்திரம் அல்ல

மெழுகால் முடியாததும் உண்டு. ஆழமான கீறலை மூடாது. பிடித்த துருவை நிறுத்தாது. வெயிலை முழுசாகத் தடுக்காது; அதற்கு நிழல்தான் மருந்து. காக்கை, கொக்கு எச்சம் விழுந்தால் அரிப்பைச் சற்றுத் தள்ளிப்போடும், அவ்வளவே. பார்த்ததும் நனைத்து எடுத்துவிட வேண்டும்.

வேளாங்கண்ணி, நாகை, வேதாரண்யம் போய்வரும் வண்டிகளுக்கு உப்புக் காற்று எமன். மெழுகு மேலே காக்கும். துரு அடியிலிருந்துதான் ஏறும். ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

நெல்லுக்கும் தாமரைக்கும் இயற்கையே மெழுகு பூசி அனுப்பிவிட்டது. காருக்கு நாம்தான் பூச வேண்டும்.

தரகர் அடுத்த முறை வண்டியைச் சுற்றி வரும்போது, "என்னண்ணே, புது வண்டியா?" என்று கேட்கட்டுமே!